கை எங்கே பழகியது?

எழில் கண்ணு,

நீ வீட்டில் விட்டுப்போன கிரேக்கத் தத்துவப் புத்தகத்தை இப்போதெல்லாம் பகலிலேயே படிக்கிறேன். கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் இருப்பதுதான் வீரமாம். அந்த நடு எங்கே இருக்கிறது?

போன வாரம் மின்நிலையத்தில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் யாரோ அலறியதுபோல் கேட்டது. அவசரக் கயிற்றை இழுத்து நிறுத்திவிட்டேன். கரி பூசிய ஒரு நாய்தான் வெளியே ஓடியது.

பழகப் பழகத்தான் நற்குணம் வரும் என்கிறது புத்தகம். பதினாறு வருஷத்தில் ஒரு நாளும் அந்தக் கயிற்றை நான் தொட்டதில்லை. என் கை எங்கே பழகியது?

"ஒரு நாய்க்கோசரமா பெல்ட்ட நிறுத்துன நைனா? தப்புன்னு எழுதிக் குடு, நாளைக்கே வேலைக்கு வா," என்று, அன்றைக்கே என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்த சூப்பர்வைசர் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்.

அந்தத் தாளில்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா