மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள்

அன்பு மகள் மிந்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அந்த இத்தாலிக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் ஜெபம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. இந்தப் புழுக்கத்தில் இதை எங்கே போடுவது என்று அம்மா முணுமுணுக்கிறாள், ஆனாலும் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் காட்டிவிட்டு வந்தாள்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன் ஞானத்தகப்பன் திமோ போய்விட்டான் மகளே. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கொரியச் சண்டையிலிருந்து திரும்பியவர்களில் நம் ஊரில் எனக்கு மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். எந்தப் பழைய சிப்பாய் செத்தாலும் பெட்டிமேல் பிலிப்பைன்ஸ் கொடியை விரிப்பதும், குழியில் இறக்குமுன் அதை எடுத்து மடித்து வீட்டாரிடம் கொடுப்பதும் நாங்கள் இருவரும்தான் என்று உனக்குத் தெரியும். யாரும் கேட்டு ஆரம்பிக்கவில்லை, செய்ய ஆளில்லை, செய்தோம், காலம் ஓடிவிட்டது. எழவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போனால் செத்தவனும் கூடவே வந்துவிடுவான் என்று திரும்பும்போதெல்லாம் ரொட்டிக்கடையில் உட்கார்ந்து காப்பி குடிப்போம். "கிழடு ரெண்டும் வந்தாச்சு, இன்னைக்கு யாரு போனாங்க?" என்பாள் கடைக்காரி. "அடுத்தது இவன்தான், நல்லா பாத்துக்க" என்று திமோ என்னைக் காட்டுவான். கடைசியில் முந்திக்கொண்டான், படுபாவி.

அவன் அடக்கத்தில் கொடியை மடிக்க ராணுவ முகாமிலிருந்து சிப்பாய்கள் வருவதாக இருந்தது. மழையில் பாலம் மூழ்கிவிட்டது, அவர்களால் வர முடியவில்லை. குழிக்குப் பக்கத்தில் பெட்டி, பெட்டிமேல் கொடி, ஒரு முனையில் நான், மறுமுனையில் ஆளில்லை. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை, கை தவறிக் கொடி சேற்றில் பட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். பாதிரியார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர் வந்து என் காதில், "சார்ஜண்ட், அப்படியே இறக்கிடலாமே, அவரோட கொடிதானே, அவரோடயே போகட்டும்" என்றான். கொடியைப் புதைப்பதா? "நான் உயிரோட நிக்கிறப்ப அது நடக்காது" என்று கத்திவிட்டேன். கத்தியதில் மூச்சு வாங்கியது. மறுமுனையைப் பிடிக்க உன் அம்மா வரப் பார்த்தாள். கண்புரை வந்தபின் அவளுக்குக் குழி எது தரை எது என்றே தெரிவதில்லை, நானே தடுத்துவிட்டேன்.

அப்போது திமோவின் மனைவி பாசிங் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுமுனையில் வந்து நின்றாள். கொடியை வாங்க வேண்டியவள் மடிக்கக் கூடாதே என்று வாயெடுத்தேன். "என்னண்ணே பாக்குறீங்க? அந்த மனுஷனோட கால்சட்டையெல்லாம் இத்தனை வருஷம் மடிச்சவ நான். பிடிங்க" என்றாள். பிடித்தேன். மடிக்க மடிக்க அவளை நோக்கி நடந்தேன், கடைசி மடிப்பில் கொடி அவள் கையிலேயே இருந்தது. நாட்டின் பெயரால் நன்றி என்று நான் சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு, எத்தனையோ விதவைகளிடம் சொன்னது, அன்று ஒரு சொல்லும் வரவில்லை. அவள்தான் சொன்னாள், "போதும்ணே. ரொம்பக் களைச்சுட்டீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க." எல்லார் முன்னாலும் அழுதேன் மிந்தா. திரும்பும்போது ரொட்டிக்கடைக்குப் போகவில்லை. வேண்டுமென்றே நேரே வீட்டுக்கு வந்தேன். கூட வந்தால் வரட்டும், திமோதானே.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை, என் பெட்டிக்கு இரண்டு முனையிலும் யார் நிற்பார்கள் என்று. நீ சின்னவளாக இருந்தபோது அம்மா புகையிலைக் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விடுவாள், காய்ந்த போர்வைகளை நானும் நீயும்தான் மடிப்போம். நீ வேண்டுமென்றே உன் பக்கத்தை விட்டுவிட்டுச் சிரிப்பாய். "சார்ஜண்டு பொம்பள வேலை பாக்குறாரு" என்று தெருவே கிண்டலடிக்கும். அதைவிடப் பெரிய பதவி எனக்கு வந்ததில்லை. உன்னை வரச் சொல்லித்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், அந்த நாளில் வந்து நில் என்று. எழுத எழுத மனசு மாறிவிட்டது. அதற்காக நீ அவ்வளவு தூரம் வராதே. ஆள் இல்லாவிட்டால் பாசிங் இருக்கிறாள், செருப்பைக் கழற்றிவிட்டு வந்துவிடுவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ அங்கே சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாளைத் தனியாகத் தூக்காதே, இடுப்பு போய்விடும். பாசிங்குக்கு இரண்டு வரி எழுது. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

மறந்துவிடாதே, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வா. அம்மா வாழையிலையில் பிபிங்கா அப்பம் சுடுவாள், போர்வைகளையெல்லாம் துவைத்துப் போடுவாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். இப்போதைக்கு என்னால் முடியும்.

உன் அப்பா,
அனாக்லேத்தோ