திரும்பி நின்ற கேள்விக்குறிகள்

இர்பித், திங்கள் இரவு

என் பெஞ்சுக்காரிக்கு,

அம்மா விழித்தால் தொலைந்தேன், போர்வைக்குள் எழுதுகிறேன். விடியுமுன் உங்கள் கதவுக்கடியில் தள்ளிவிடுவேன். நாளை பயப்படாமல் பள்ளிக்கு வா.

பள்ளித் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் 'தண்ணீர் எப்போது வரும்' என்று ஆங்கிலத்தில் எழுதியவளைப் பள்ளியைவிட்டே நீக்கப்போவதாகத் தலைமையாசிரியை சொன்னாரே, அந்தக் கேள்விக்குறி அரபியில் போடுவதுபோல இடப்பக்கம் வளைந்திருந்ததாம். அதை வைத்துப் பிடிக்க, நம் ஆங்கில மிஸ் இப்திசாம் இன்று எங்களை ஆங்கிலக் கேள்விகள் எழுதவைத்தார். நீ எங்கே என்று கேட்டார். காய்ச்சல் என்றேன்.

என் கேள்விக்குறிகளை எல்லாம் வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்தேன். நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மிஸ் தாள்களைப் புரட்டினார். "என்னடி இது, வகுப்பே தப்பா போட்டிருக்கு?"

"நீங்க சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான் மிஸ்," என்றாள் ரனீம்.

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எல்லாருக்கும் பூஜ்யம். யாருன்னு தெரியலைன்னு மேடத்துகிட்ட சொல்லிடறேன். இதோட விடுங்க."

அல்ஹம்துலில்லாஹ், இப்போதுதான் மூச்சு வருகிறது. நாளை வந்து உன் பூஜ்யத்தையும் வாங்கிக்கொள்.

உன் இடத்தில் பையை வைத்து
யாரையும் உட்காரவிடாதவள்