நான்கு திருகாணிகள்

மச்சான்,

இன்று குருநகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையின் மெயின் போர்ட்டில் சிவப்புத் தகடு பூட்டிக்கொண்டிருந்தேன். கூரை நிறையச் சோலர் பனல். "உது கட்டாயமே தம்பி?" என்று முதலாளி கேட்டார். வடிவான புதுப் போர்ட்டில் ஆபத்து என்று எழுதிவைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஓம் ஐயா, கட்டாயம்" என்றேன். கடைசித் திருகாணி துளையில் பிடிக்காமல் இரண்டு முறை வழுக்கியது. நீ பக்கத்தில் நின்றிருந்தால், "வயசு போட்டுது, கண்ணாடியைப் போடு" என்று பகிடி பண்ணியிருப்பாய்.

கட்டட வயரிங் உனக்கு, கூரை எனக்கு என்று பிரித்துக்கொண்டுதானே தொழில் தொடங்கினோம். சண்டிலிப்பாயில் மரக்கறி வைக்கும் அந்தக் குளிரறை வேலை நினைவிருக்கிறதா? பனலில் இருந்து இறங்கும் வயரை மற்ற வயர்களோடு ஒரே குழாய்க்குள் விட்டவன் நான். ஓர் அடையாளமும் போடவில்லை. சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் திருத்த வேலைக்குப் போன நீ, மெயினை நிறுத்திவிட்டு அந்த வயரை வெட்டினாய். மெயினை நிறுத்தினால் தெருவில் இருந்து வரும் கரண்ட்தான் நிற்கும். வெயில் நிற்காது. உன் வலக்கை வெந்துபோனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "நான்தான் கவனிக்காமல் வெட்டினனான் எண்டு முதலாளிட்டைச் சொல்லிப்போட்டன். நீ வாயைத் திறவாதை" என்றாய். நான் அழுதேன். "அழாதையடா. இனிமேல் எழுதிவை. போர்ட்டைத் திறக்கிறவனுக்கு ரண்டு பக்கத்தாலையும் கரண்ட் வருது எண்டு தெரியோணும்."

விதியில் அது முதலே இருந்தது. சோலர் கரண்ட் கட்டடத்தின் கரண்டோடு சேரும் இடத்தில் தனியாக நிறுத்த ஒரு சுவிச், பக்கத்திலே எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் எச்சரிக்கைத் தகடு. நாங்கள்தான் அதைச் சோதிக்க வருகிறவருக்கான சடங்காக நினைத்திருந்தோம். அதன் பிறகு தகடு பூட்டாத போர்ட்டுக்கு நீ கரண்ட் கொடுக்க விட்டதே இல்லை.

அச்சுவேலி அரிசி ஆலை திறப்பு விழா அன்றுவரை. நாள் பார்த்து, நிறைகுடம் வைத்து, எல்லாம் ஆயத்தம். "நல்ல காரியம் நடக்கிற இடத்திலை ஆபத்து எண்டு சிவப்பிலை எழுதி வைக்கிறதே? இண்டைக்கு மட்டும் கழட்டும் தம்பி" என்றார் முதலாளி. கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். நீ வந்ததும் முதலில் பார்த்தது அந்த நான்கு வெறும் துளைகளைத்தான்.

"தகடு எங்கை?"

"நாளைக்குப் பூட்டுவம் மச்சான்."

"கரண்ட் இண்டைக்கெல்லோ குடுக்கிறாய்?"

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்ரை கை எரிஞ்சதுக்கு ஊர் முழுக்கப் பலகை தொங்கவிட ஏலாது" என்றேன்.

அந்தக் கை யாரால் எரிந்தது என்று அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். நீ அப்போதும் சொல்லவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அதன் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. தனித்தனியாக வேலை பிடித்தோம். நான் போன் நம்பரை மாற்றியபோது உனக்கு அனுப்பவில்லை. நீயே முதலில் கதைக்கட்டும் என்ற இறுமாப்பு. பத்து மாதம் அப்படியே போனது. உனக்கு மாரடைப்பு என்று வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன். செத்தவீட்டுக்கு வந்தேன், ஆனால் வாசல் படலையைத் தாண்டி உள்ளே வரக் கால் எழவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை உன் மனைவி போன் எடுத்தாள். "அண்ணை, வீட்டிலை கரண்ட் இல்லை. ஒருக்கா வாறியளே? உங்களைத்தான் கூப்பிடச் சொல்லி எழுதி வைச்சிருக்கிறார்."

வந்தேன். போர்ட்டின் கதவைத் திறந்தால், உட்பக்கத்தில் உன் கோணல் எழுத்து. அந்தக் கை அதற்குமேல் நேராக எழுதாது. எந்தச் சுவிச் எந்த அறைக்கு என்று வரிசையாக எழுதி, கீழே என் பெயர். என் புது நம்பர். யாரிடம் கேட்டு வாங்கினாயோ தெரியவில்லை. அதற்குக் கீழே, "இவனைத் தவிர வேறை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

உன் மனைவி தேத்தண்ணி கொண்டுவரும்வரை அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு கரண்டைத் திருத்திக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை போகும்போது சண்டிலிப்பாய்க் கதையை அவளுக்குச் சொல்லிவிடுவேன். நீ தடுத்தாலும் சொல்வேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறொன்று. அச்சுவேலியில் அன்று பின்னேரம், பந்தல் கழற்ற முதலே, அந்தத் தகட்டைத் திரும்பப் பூட்டிவிட்டேன் மச்சான். நான்கு திருகாணியும் இறுக்கித்தான் பூட்டினேன். அதை உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.