பச்சைக் கோட்டு

சமோபோர், 12 பிப்ரவரி 1971

அன்புள்ள ரூஷா,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இந்த வருஷத் திருவிழாவுக்கும் என் அப்பாதான் நீதிபதி. ஊரில் நடந்த கெட்டதையெல்லாம் வைக்கோல் பொம்மை தலையில் சுமத்தி, சதுக்கத்தில் விசாரித்துக் கொளுத்துவது உனக்குத் தெரியாததா. இந்த முறை பொம்மைக்குப் பாவாடை கட்டியிருக்கிறார்கள். உன் அம்மா விட்டுப்போன பச்சைக் கோட்டை உன் அப்பாவே கொண்டுவந்து மாட்டினார். "புருஷனை விட்டு ஓடினவளுக்குக் குளிராம இருக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இந்தப் பக்கமே வராதீர்கள். பதிலைக் கேக் கடை தெரேசியா அக்கா பெயருக்குப் போடு.

உன் நெவென்கா

ஸாக்ரெப், 18 பிப்ரவரி

அன்பு நெவென்கா,

பச்சைக் கோட்டு பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் வருவோம். தம்பி இவிட்சாவைப் பார்த்து ஐந்து மாதமாகிறது. அப்பா எங்களை வாசலுக்குக்கூட வர விடுவதில்லை. அன்றைக்கு அவனை மலைக்கோட்டைப் பாதைக்குக் கூட்டிவருவதாக அத்தை ரகசியமாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள். ஊரே முகமூடியோடு திரியும்போது எங்களை யாருக்குத் தெரியப்போகிறது? நாலு மணி பஸ். நான் நரி, அம்மா கோழி. தம்பி சிரிப்பான் என்று அம்மாவே வெட்டி ஒட்டியிருக்கிறாள். மூக்கு கோணல்.

பயப்படாதே.

ரூஷா

சமோபோர், 22 பிப்ரவரி, இரவு

ரூஷா,

தெரேசியா அக்கா இன்றுதான் உன் கடிதத்தைக் கொடுத்தாள். உறை ஏற்கெனவே பிரிந்திருந்தது. "உங்கப்பா பாத்துட்டுதான் குடுக்கச் சொன்னாருடி கண்ணு. நான் கடை நடத்த வேணாமா?" என்றாள்.

சாப்பாட்டில் அப்பா நல்ல குஷியில் இருந்தார். "நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒரு கோழி வந்து இறங்குது. பொம்மை வண்டியை அங்கேயே ஓட்டிட்டுப் போறோம். பையனையும் ஏத்திக்கலாம். அவன் கையாலயே தீ வைக்கட்டும்."

"சின்னப் பிள்ளைங்க அது" என்றாள் அம்மா, சூப்பை ஊற்றிக்கொண்டே.

"அதுலதான்டி வேடிக்கையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ முன்னாடி நின்னு எந்தக் கோழின்னு காட்டு. உன் சிநேகிதி குடும்பம்தானே."

தபாலில் போட்டால் இது புதன்கிழமைதான் உனக்குக் கிடைக்கும். விடியுமுன் ஓடிப்போய் முதல் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எந்த முகமூடியும் வேண்டாம், வரவே வராதீர்கள். இவிட்சாவிடம் பொம்மைக்குள் யார் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் தெரியுமா, அவன் நேற்று என்னிடம்

அப்பா கதவைத் தட்டுகிறார். விளக்கை