இலக்கம் 214

1978 ஓகஸ்ட் 2, புதன்

என் மனைவி பெற்றீசியா இன்றைக்கும் இட்லி மாவு புளிக்கவில்லை என்று மழையைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். மழைக்குப் பரிந்து பேசி ஒரு தடவை பட்டினி கிடந்தவன்.

மாலையில் பங்களாச் சமையல்காரர் கந்தப்பன் அப்பு வந்தார். இந்தியா போகக் கடதாசி வந்துவிட்டதாம். பதினேழாம் தேதி வட்டகொடையில் ரயில். அதற்குள் பழைய வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போன எலெக்ட்ரிக் கிட்டாரை விற்க வேண்டும். "ஐயா கோயில்ல வாசிக்கிறவுக. நீங்க சொல்ற வெலதான்."

மாதா கோயிலில் நான் கிட்டாரில் வாசிப்பது மூன்று கோர்ட், அதாவது மூன்று சுரக்கூட்டு. அதில் ஒன்று தவறு என்பது பாதருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஆனாலும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, முந்நூறு என்றேன்.

ஓகஸ்ட் 3

முந்நூறுக்கு நானே வாங்கினால் என்ன?

ஓகஸ்ட் 6, ஞாயிறு

பூசை முடிந்து ஜோர்ஜ் வந்தான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் பாண்டில் கிட்டார் வாசிப்பவன். நான் சொன்ன விலை சரிதான் என்று அவன் வாயால் கேட்கத்தான் கூப்பிட்டேன். அப்பு கிட்டாரைப் பெட்டியோடு துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

ஜோர்ஜ் வாசிக்கவே இல்லை. கிட்டாரின் கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். திருகாணிகளை விரலால் தடவினான். பின்மூடியைக் கழற்றி உள்ளே ஈய ஒட்டுகளை டோர்ச் அடித்துப் பார்த்தான். "யாரும் கை வைக்கல அண்ணே. பூச்சும் அன்னைக்கு அடிச்சதுதான்." டோர்ச்சை அணைக்கவே மறந்துவிட்டான். அமெரிக்காவில் செய்த கிப்சனாம். இருபது வருடத்துக்கு முந்தியது. இப்போது அப்படிச் செய்வதில்லையாம்.

பிறகு முதுகைத் திருப்பினான். அங்கே வெள்ளைப் பெயின்டில், என் அழகான கையெழுத்தில், 214.

"இது இல்லாட்டி பன்னெண்டாயிரம் தருவேன். இருக்கறதால எட்டு. சுரண்டினா பூச்சும் போயிரும், அப்புறம் நாலுதான். எது எப்படியோ, தோட்டத்து ரசீது இல்லாம இந்த நம்பரோட நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். பொலிஸ்ல மாட்டினா யாரு பதில் சொல்றது?"

அப்பு என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஓகஸ்ட் 7

எழுதித் தொலைக்கிறேன். எழுபத்தைந்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது பங்களாச் சாமான்களுக்கு இலக்கம் போட்டது தோட்டத்துக் கிளாக்கரான நான். நாற்காலி, கரண்டி, கக்கூஸ் வாளி, ஒன்றையும் விடவில்லை. தொழிலாளர் லயத்தில் அப்புவின் காம்பராக் கூரை ஒழுகும். அதனால் கிட்டாரைப் பங்களா அலுமாரியில் வைத்திருந்தார். "அது எனக்கு தொர குடுத்ததுங்க" என்று சொன்னார். சொன்னார்தான். அப்புறம் பார்ப்போம் அப்பு என்று, அவர் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இலக்கத்தை அடித்தேன். பட்டியலில்: "தந்தி வாத்தியம், மரம், பழையது, ஒன்று."

அந்த அப்புறம் மூன்று வருடமாக வரவில்லை. யாரு கேட்டா என்னை? கரண்டிக்கு நம்பர் போட்டவன் கரண்டியோட நின்னிருக்கக் கூடாதா?

ஓகஸ்ட் 9

ஒரு வழிதான் உண்டு. உதவாத சாமான் என்று கழித்து, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஏலம் போட்டால் எடுப்பவருக்குச் சொந்தம், ரசீதோடு. புதுத் துரையிடம் கொண்டுபோனேன். ஞாயிறு தங்கம் என்று கேட்ட சாமானை, இன்றைக்கு விறகு என்று சொல்ல வேண்டும்.

துரை தந்தியை இழுத்தார். கொசு பறந்த மாதிரி ஒரு சத்தம். இவ்வளவுதானா என்றார். இப்போதைக்கு இவ்வளவுதான் சேர் என்றேன். கரண்ட் என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை. கையெழுத்திட்டார். சனிக்கிழமை ஏலம்.

ஓகஸ்ட் 10

முடிவெட்டப் போன இடத்தில் சிவசாமியிடம் எட்டாயிரம் என்று சொல்லிவிட்டேன். சவரக்கத்தி கழுத்தில் இருக்கும்போதாவது இந்த வாய் சும்மா இருந்ததா?

ஓகஸ்ட் 11

கொழுந்து நிறுக்கும் இடத்தில்கூட அதே பேச்சு. முத்துலிங்கம் கங்காணி இரண்டு தரம் விலை கேட்டார். அவரிடம் காசு இருக்கிறது. போட்டிக்கு ஒருவர் கிளம்பினால் போதும், அப்புவால் ஐம்பதுக்கு மேல் கேட்க முடியாது.

பெற்றீசியா என் சட்டைப் பையில் முந்நூறு ரூபாயைப் பார்த்துவிட்டாள். குடை வாங்க என்றேன். அதென்ன தங்கக் குடையா என்று கேட்டாள்.

ஓகஸ்ட் 12, சனி

பெரட்டுக் களம் நிறைய ஆட்கள். ஓட்டை வாளிக்கு இவ்வளவு கூட்டம் வராது.

துரை பத்து ரூபாயில் ஆரம்பித்தார். அப்பு தொண்டையைச் செருமி, பத்து என்றார்.

பிறகு யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. துரை சுற்றிப் பார்த்தார். என் கை சட்டைப் பைக்குள் இருந்தது. கை என்னுடையதுதான், ஆனால் அதை நான் நம்பவில்லை. எல்லோருக்கும் விலை தெரியும், தெரியப்படுத்தியவனே நான்தானே. முத்துலிங்கம் கங்காணி என்னைப் பார்த்தார், அப்புவைப் பார்த்தார், கையைத் தூக்கினார்.

"தொர, அந்த ஓட்ட வாளி எப்ப வருதுங்க?"

துரை தடியால் மேசையைத் தட்டினார். கந்தப்பனுக்குப் பத்து ரூபாய். ரசீதை நான்தான் எழுதினேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

ஓகஸ்ட் 17

ஜோர்ஜ் எட்டாயிரம் கொடுத்தான். நாலாயிரம் என் தூரிகை தின்றது. ஸ்டேசனில் அப்புவிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "விடுங்கய்யா, நீங்க முந்நூறுன்னப்பவே நான் சரின்னேன்" என்றார். என்னோடு பகிடி பேச வந்தவர் மாதிரி சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நனைந்துகொண்டே வந்தேன். குடை எங்கே என்றாள் பெற்றீசியா. கடையில் இல்லை என்றேன். வெறும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் துவாய் எடுக்கப் போனாள்.

டிசம்பர் 29

வருடக் கணக்கெடுப்பு. பங்களா அலுமாரிப் பக்கத்தில் ஒரு தையல் மெசின், இலக்கம் இல்லாமல். 214 காலியாகத்தான் இருக்கிறது, போட்டுவிடு என்றார் துரை. தூரிகையைப் பெயின்டில் முக்கிவிட்டேன்.

புதிதாக வந்த ஆயா மீனம்மா தேத்தண்ணியோடு நின்றாள். இது யாருடையது என்று கேட்டேன்.

"என்னோடதுங்க ஐயா. லயத்துல ஒழுகுது."

முதலில் தேத்தண்ணியைக் கீழே வைக்கச் சொன்னேன். பிறகு இரண்டு பேருமாகப் பிடித்து, மெசினை வெளியே என் குவாட்டர்சுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சரியான பாரம். இடுப்பு இன்னும் வலிக்கிறது.