இடமிருந்து வலம்

திண்டிவனம்,
ஞாயிறு காலை

அன்புள்ள இனியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தக் கடிதம் மஸ்கட் வந்து சேரும்போது அங்கே வெயில் தணிந்து நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம். அருணாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது, வாந்தி நின்றுவிட்டது, இப்போது வேளைக்கு வேளை பசிக்கிறது என்று அவித்த மல்லாட்டை கேட்டு வாங்கி, கடலைத் தோலை உரித்து உரித்துச் சாப்பிடுகிறாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி லேபுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருவதுதான் கஷ்டம், நின்றுகொண்டே போகிற நாளில் கால் வீங்கிவிடுகிறது. அதனால்தான் விழுப்புரத்தில் பெரியப்பா கட்டியிருக்கும் புது வீட்டு மாடியில் பிரசவம் வரைக்கும் அவள் இருக்கட்டும் என்று நீ சொன்னாய், பெரியப்பாவும் போனில் தாராளமாக வரட்டும் என்றார். போன வாரம் நீ இன்னொன்றும் கேட்டாய், கிரகப்பிரவேசத்துக் குடும்பப் படத்துல நம்ம வீட்டாளு ஒருத்தரும் இல்லியேப்பா, எதுனா சண்டையா என்று. எழுதுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அருணா பக்கத்து அறையில் இருந்தாள், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், பதிலோடு ஒரு படமும் உன் கைக்கு வர வேண்டும். பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதத்தை முடித்துவிட்டுப் படத்தைப் பார்.

முதலில் கவனித்தது உன் அம்மா. யாரோ உறவுக்காரர் மருமகள் போட்டோ அனுப்புங்க என்று கேட்டார்களாம், நம் கம்ப்யூட்டரில் தேடினாள். பெரியப்பா மகன் பிரவீன்குமார் குழந்தையின் காதுகுத்து இருந்தது, போன பொங்கல் இருந்தது, பெரியப்பாவின் எழுபதாம் பிறந்தநாள் இருந்தது. எல்லாம் நீ விட்டுப்போன கேமராவில் அருணா எடுத்த படங்கள். ஒன்றிலும் அருணா இல்லை. எடுக்கிறவள் எப்படி இருப்பாள் என்றேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏங்க, மூணு விசேஷத்துலயும் ஒரு தடவைகூட வேற யாரும் அந்தப் பட்டனை அமுத்தலியா, அவங்க வீட்ல யாருக்கும் விரல் இல்லியா என்று கேட்டாள். அதன் பிறகுதான் நான் பெரியம்மா சொல்லும் வாக்கியத்தைக் காதில் வாங்கினேன். அருணா எடுத்தாத்தாம்பா படம் படமா இருக்குது, நாம என்னாத்த கண்டோம், நின்னுகினு இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு விசேஷத்திலும் வரிசை சேர்கிற நேரத்தில் இதைச் சொல்லிக் கேமராவை அவள் கையில் கொடுத்துவிடுவார். காலனிப் பெண் என்று உன் கல்யாணத்துக்கு வராதவர்கள், ஒரு வருடம் கழித்துப் பழத்தட்டோடு வந்து சமாதானம் பேசியவர்கள், அவளைக் குடும்பப் படத்திலிருந்து வெளியே வைக்கக் கண்டுபிடித்த வழி இந்தப் பாராட்டு. முப்பத்தைந்து வருடம் இந்த மாவட்டத்தில் செய்தி எழுதியிருக்கிறேன், தேர் காலனித் தெருவுக்குப் போகாது என்று என் முகத்துக்கு நேரே சொன்ன ஆட்களிடம் பேட்டி எடுத்திருக்கிறேன். வசவு என்றால் அப்படியே எழுதிவிடலாம். இந்தப் பாராட்டை எந்தச் செய்தியில் எழுதுவது?

புது வீட்டு ஹாலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரைக் காலியாக வைத்திருந்தார்கள், அங்கே பெரிய சைஸில் குடும்பப் படம் மாட்டப்போவதாகப் பிரவீன் முன்பே சொல்லியிருந்தான். போட்டோகிராபர் யாரையும் கூப்பிடவில்லை, அதான் அருணா இருக்குதே என்றான். அதனால் நான் முந்தின வாரமே நம் வீட்டில் அந்தக் கேமராவோடு உட்கார்ந்து பழகினேன். உனக்குத் தெரிந்ததுதான், லைவ் வியூ வைத்தால் துவாரத்தில் கண்ணை ஒட்டிப் பார்க்க வேண்டியதில்லை, பின்பக்கத் திரையிலேயே எதிரில் நிற்பவர்கள் தெரிகிறார்கள், படம் எப்படி விழும் என்று விழுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். டைமர் வைத்துப் பட்டனை அழுத்தினால் பத்து விநாடி காத்திருக்கிறது, முன்னால் சின்ன விளக்கு மினுக்குகிறது, கடைசி இரண்டு விநாடி வேகமாக மினுக்குகிறது, அப்புறம் எடுக்கிறது. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் கேமராவுக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றைக்கு ஹோமம் முடிந்து எல்லோரும் வரிசைக்கு வந்தார்கள். பெரியம்மா வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கினார். நான் ஸ்டாண்டை விரித்து, அண்ணி, இன்னிக்கு கேமராவே எடுத்துக்கும், அருணாவும் நிக்கட்டும் என்றேன். பிரவீன், டைமர்லாம் பேஜாரு சித்தப்பா, ஃபோகஸ் ஓடிடும் என்றான். நான் திரையில் பெரியப்பா நெற்றி விபூதியைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸை வைத்து, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, இனி எங்கேயும் ஓடாது என்றேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மருமகள்கள் நிற்க வேண்டிய இடம் மாமியார் நாற்காலிக்குப் பின்னால், அங்கே பிரவீன் மனைவி கவிதா பக்கத்தில் அருணாவை நிற்கச் சொன்னேன். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் இனியவா, நேரில் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பேன், அந்தச் சின்னச் சட்டத்துக்குள் எல்லாம் தெரிந்தது. பெரியம்மா நாற்காலியை முன்னால் நகர்த்தினார். கவிதா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு பிரவீன் பக்கம் ஒதுங்கினாள். அருணாவைச் சுற்றி இடைவெளி விழுந்துகொண்டே வந்தது. பிரவீன், அருணா ஓரமா நிக்கட்டுமே சித்தப்பா, ஹைட்டா இருக்குது என்றான். ஓரம் எதற்கு என்று எனக்குத் தெரியும், பிரிண்ட் போடும்போது வெட்டிவிடலாம். கவிதா அருணாவைவிட உயரம் என்றேன். பெரியப்பா, ஜல்தி முடி செழியா, சாப்பாடு ஆறுது என்றார். பட்டனை அழுத்திவிட்டு நடந்துபோய் அருணாவுக்கு இந்தப் பக்கம் நின்றேன், அந்தப் பக்கம் உன் அம்மா.

விளக்கு மினுக்க ஆரம்பித்ததும் பெரியம்மா எழுந்தார். அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேன் என்றார். பால் விடியற்காலையிலேயே பொங்கி எல்லோரும் குடித்தாயிற்று, சமையல் முழுக்க வெளியாட்கள் பந்தலில் செய்தார்கள், அந்த வீட்டு அடுப்பு அப்போது எரியவே இல்லை. நானும் பாக்கறேன் அத்தை என்று கவிதா பின்னாலேயே போனாள். பிரவீனுக்குக் குழந்தை அழுவது கேட்டதாம், அது என் எதிரே லட்டு தின்றுகொண்டிருந்தது, அதையும் தூக்கிக்கொண்டு போனான். பெரியப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை, ஆனால் தலையைத் திருப்பி அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து விநாடி முடிந்து படம் விழுந்தது.

போனவர்கள் படம் விழுந்த சத்தம் கேட்டதும் திரும்பி வந்தார்கள். பெரியம்மா சிரித்துக்கொண்டே, அதுக்குள்ள அமுத்திட்டியா தம்பி, பாரு, மெஷினுக்கு என்னா தெரியும், அருணாவே எடுக்கட்டும், அது நல்லா எடுக்கும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அருணா வந்து ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றினாள். விடுங்க மாமா, எடுத்துக் குடுத்துடறேன் என்றாள். நானும் உன் அம்மாவும் வரிசையை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றோம். பெரியப்பா கூப்பிட்டார், நாங்கள் போகவில்லை. குரூப்பில் நீ பார்த்து இதயம் போட்ட படம் அதுதான். அதில் நாம் யாரும் இல்லாத காரணம் இதுதான். நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள், ஒரு முகமும் மங்கவில்லை.

சாப்பிடும்போது பெரியம்மா உன் அம்மாவிடம், மாடிக்கு வெளிப்பக்கமாவே தனியா படி வெச்சிருக்கோம், அருணாவுக்கு வசதியா இருக்கும், உள்ள வந்து போற தொல்லை இல்ல என்று சொன்னாராம். உன் அம்மா பாதி இலையில் எழுந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது அருணா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள், மாமா, அந்த வீட்டுக்குப் படம் எடுக்கக் கூப்டா வர்றேன், இருக்கக் கூப்டா வரமாட்டேன், அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. உன்னிடம் சொல்லிவிட்டேன். மாடி ஏற்பாடு வேண்டாம். விக்கிரவாண்டியில் அவளோடு லேபில் வேலை செய்யும் அம்சவள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாள், வாசல் ஒன்றுதான், எல்லோரும் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். கண்டாச்சிபுரத்திலிருந்து அவள் அம்மா ரோஜாவும் உன் அம்மாவும் மாறி மாறித் தங்குவார்கள். நீ பெரியப்பாவுக்குப் போன் செய்து சண்டை போட வேண்டாம், மாடி வேண்டாம் என்று மட்டும் சொல், ஏன் என்று அவர் கேட்க மாட்டார். அருணாவுக்குப் போன் செய்யும்போது இந்தச் சங்கதியை நீயாக எடுக்காதே, அவள் சொன்னால் கேட்டுக்கொள், சமாதானம் சொல்லாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியிலேயே காலம் தள்ளாதே. உனக்கும் அருணாவுக்கும் வரப்போகிற பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அந்தச் சுவரில் மாட்டப்போவது எதுவாகவும் இருக்கட்டும், நம் ஹாலில் இந்தப் படத்தை நேற்றே மாட்டிவிட்டேன். நீ வைத்திருக்கும் பிரிண்டைக் கட்டில் அடியில் போட்டுவிடாதே. வரிசையில் அருணா ஒருத்திதான் லென்ஸை நேராகப் பார்க்கிறாள், அந்த விளக்கு வேகமாக மினுக்கினால் என்ன அர்த்தம் என்பது எங்களில் அவளுக்குத்தான் பழக்கம். பழைய தொழில் புத்தி, படத்துக்குப் பின்னால் பெயர் எழுதியிருக்கிறேன்: இடமிருந்து வலம், நிற்பவர்கள் அன்புச்செல்வி, அருணா, நெடுஞ்செழியன். அமர்ந்திருப்பவர் தாண்டவராயன். காலி நாற்காலி கெங்கம்மாளுடையது.

இப்படிக்கு,
உன் அப்பா
நெடுஞ்செழியன்