பயப்படாதீர்கள் என்று ஒரு வரி

மார்ச் 3, செவ்வாய்

பாப்பு இன்று 'தண்ணி', 'வலிக்குது', 'போதும்' மூன்றையும் தானாகவே அழுத்தினாள். திரையில் படத்தைத் தொட்டால் என் குரல் சொல்லும். ஐந்து வயதாகியும் வாயில் சொல் வராத மகளுக்காக எழுதிய புரோகிராம். இலவசமாகத் தளத்தில் போட்டு வைத்ததில் இப்போது நாற்பத்தொரு வீட்டில் ஓடுகிறது. முகம் தெரியாத பிள்ளைகள் என் குரலில் தண்ணீர் கேட்கிறார்கள். நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 'போதும்' பதிவில் நான் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும்.

மார்ச் 6, வெள்ளி

பேச்சுப் பயிற்சி டீச்சர் போன் செய்தார். அவருடைய கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் சிவப்பாக ஒரு எச்சரிக்கை காட்டி, என் புரோகிராமைப் பிடித்து அடைத்துவிட்டதாம்.

"நீ தப்பா எடுத்துக்காதம்மா. கம்ப்யூட்டர் பாக்கிறவர், இது தகவல் திருடுற வகைன்னு சொல்றார்."

எதைத் திருடும்? அதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு ஃபைலை அனுப்பி, தவறாகப் பிடித்திருக்கிறீர்கள், பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினேன். பத்து வேலை நாள் ஆகுமாம்.

இவரிடம் சொன்னேன். "உன் புரோகிராம் வைரஸ்னா நீ யாரு, கொசுவா?" என்றார். சிரித்தேன். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு அம்மாவின் மெயில்: 'எங்க வீட்லயும் சிவப்பு வந்துடுச்சு. என் பையன் விஷயத்துல விளையாடாதீங்க.'

விளையாடுகிறேனா? நானா?

மார்ச் 9, திங்கள்

கை சும்மா இருக்கவில்லை. புரோகிராம் திறந்ததும் தெரிகிற மாதிரி ஒரு வரி சேர்த்தேன்: 'இது வைரஸ் அல்ல, பயப்படாதீர்கள்.' புதிதாக ஃபைல் உருவாக்கி, பழையதன் மேலேயே சேமித்து, தளத்திலும் மாற்றிவிட்டேன்.

"அதையே நோண்டிக்கிட்டு இருக்காதடி. பதில் வர்ற வரைக்கும் விடேன்" என்றார் இவர். விட்டுவிட்டு என்ன செய்வது? கேட்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

மார்ச் 11, புதன்

தளமே இல்லை. இடம் கொடுத்த ஹோஸ்டிங் கம்பெனி பூட்டிவிட்டது. போன் செய்தேன்.

"ரிப்போர்ட் வந்தா தானா பூட்டிக்கும் மேடம். ஃபைல் சுத்தம்னு ஆன்டிவைரஸ் கம்பெனி லெட்டர் குடுங்க, திறந்துடலாம்."

"அது வர்ற வரைக்கும்?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

மார்ச் 12, வியாழன்

எதுவும் வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

டீச்சரின் கம்ப்யூட்டரை மொத்தமாக அழித்துத் திரும்ப ஏற்றிவிட்டார்களாம். அங்கே வரும் சின்னப் பையன் ஒருவன், 'வலிக்குது' இருந்த மூலையில் வெறும் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தானாம். பிறகு டீச்சரின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தானாம்.

"காது வலி போல. கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆச்சும்மா."

ஏன் என்னிடம் சொன்னார்? சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

வந்துவிட்டது! 'நீங்கள் அனுப்பிய ஃபைல் சுத்தமானது. இனிப் பிடிக்காது.' பாப்புவைத் தூக்கிச் சுற்றினேன். உடனே ஹோஸ்டிங்குக்கு அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில். லெட்டரில் உள்ள ஃபைலும் தளத்தில் உள்ள ஃபைலும் ஒன்றல்லவாம்.

ஒன்றல்லதான். நடுவில் ஒரு வரி சேர்த்தேனே. ஒரு எழுத்து மாறினாலும் அவர்களுக்கு அது வேறு ஆள், முன்பின் தெரியாத ஆள். அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி உருவாக்கினாலும் பழையது வராது, உருவாக்கிய நேரம் உள்ளே பதிந்துவிடும். சுத்தம் என்று பேர் வாங்கிய ஃபைல் என்னிடமே இல்லை. வீடுகளில் கேட்டேன், அங்கே இருந்ததையும் ஆன்டிவைரஸ் அழித்துவிட்டதாம். நானே அதன் மேல் எழுதிவிட்டேன் — பயப்படாதீர்கள் என்று. கடவுளே, எனக்கு ஏன் ஒரு பத்து நாள் பொறுக்க முடியல?

இவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, செவ்வாய்

புதிய ஃபைலை அனுப்பினேன். மறுபடி பத்து வேலை நாள். அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது, கணக்கை மூடிவிட்டோம் என்கிறது ஹோஸ்டிங். வேறு இரண்டு இடத்தில் கேட்டேன். ஏற்றியதுமே சிவப்பு.

மார்ச் 29, ஞாயிறு

டீச்சர் அட்டைகளுக்கு மாறிவிட்டார். "குரல் இல்லன்னா என்னம்மா, படம் இருக்கே." வீடுகளிலிருந்து மெயில் வருவதும் நின்றுவிட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று எங்கள் லேப்டாப்பிலும் சிவப்பு. 'இதை உருவாக்கியவர் யார் என்று தெரியவில்லை. நம்புகிறீர்களா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்தேன். நான், யோசித்தேன்.

பிறகு அழுத்தினேன். ஆன்டிவைரஸ் வெளியே கேட்டு மறுபடி பிடித்துவிடக் கூடாதென்று வைஃபையை அணைத்தேன், இனி அந்த லேப்டாப்பில் போடப்போவதில்லை. திறந்ததும் அந்த வரி வந்தது. பாப்புவுக்குப் படிக்கத் தெரியாது. அதைத் தாண்டிப் போய் 'அம்மா வா'வை அழுத்தினாள். நான்கு முறை.

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.